சரசாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

போன ஞாயிற்றுக்கு முந்தைய ஞாயிறு, மேடையில் நின்று ஒரு கேள்வி கேட்டேன். பதில் வரவில்லை.

மேடைக் கேள்விக்குப் பதில் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். பேச்சாளர் கேட்கும் கேள்விகள் பதிலுக்காகப் பிறப்பதில்லை, கைதட்டலுக்காகப் பிறக்கின்றன. ஆனால் நான் கேட்டது வேறு வகை. அதற்குக் கைகள் உயர வேண்டும். ஒரு கைகூட உயரவில்லை.

பள்ளிப் பருவத்திலிருந்து மேடையில் நிற்பவள் நான். வாங்கிய கோப்பைகளைத் துடைத்து மாளவில்லை என்று வீட்டில் அலுத்துக்கொள்ளும் அளவுக்கு நின்றிருக்கிறேன். பேச்சின் நடுவில் மைக் செத்திருக்கிறது. மழை கொட்டியிருக்கிறது. ஒருமுறை பந்தலுக்குள் மாடு புகுந்து முன்வரிசையில் நின்று என்னையே பார்த்திருக்கிறது. எதற்கும் தடுமாறியதில்லை. ஆனால் அந்த மௌனம்... சரி, நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரகடம் போகிற வழியில், சேரப்பணஞ்சேரியைத் தாண்டி உள்ளே திரும்பினால் வருகிற ஊர்களில் ஒன்று. பெயர் வேண்டாம். ஆடி மாதம், அம்மனுக்குக் கூழ் வார்க்கும் விழா. காலையில் பம்பையும் கூழும், மதியம் அன்னதானம், மாலையில் எங்கள் பட்டிமன்றம், அதன் பிறகு இன்னிசைக் கச்சேரி.

இந்தப் பக்கத்து ஊர்களில் தெருவுக்கு ஓர் அம்மன் உண்டு; அம்மனுக்கு ஓர் ஆடி ஞாயிறு உண்டு. ஒரு தெருவின் ஞாயிற்றில் இன்னொரு தெரு கை வைக்காது. அம்மனுக்கு வெள்ளிக்கிழமைதானே விசேஷம் என்று விழாக் குழுத் தலைவர் தேசிங்கு அண்ணனிடம் கேட்டேன்.

"வெள்ளிக்கெழம ஊத்தினா குடிக்க யாரு கீறாங்க மேடம்? எல்லாம் கம்பெனி பஸ்ல கீறாங்க. அம்மனே இப்ப ஜெனரல் ஷிஃப்டுக்கு மாறிட்டாங்க."

தேசிங்கு அண்ணன் ஒரு தொழிற்சாலையில் நிரந்தரத் தொழிலாளி, சங்கத்திலும் முக்கியமானவர். அவர் கையைக் காட்டினால் பந்தலில் விளக்கு எரியும், காட்டாவிட்டால் அணையும். அப்படி ஒரு செல்வாக்கு.

அன்றைய தலைப்பு இது: அதிக ஊதியம் பெற வேண்டியவர்கள் — மக்களுக்குச் சேவை செய்பவர்களா? மக்களை மகிழ்விப்பவர்களா?

சேவை அணிக்கு நான் தலைவி. எதிரணிக்கு முத்துப்பாண்டி அண்ணன். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். வார நாள்களில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர், ஞாயிறானால் பட்டிமன்ற மேடை. பென்னலூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். என்னைக் குன்றத்தூரில் வேனில் ஏற்றிக்கொண்டபோதே ஆரம்பித்துவிட்டார்.

"தங்கச்சி, இன்னைக்கு ஒனக்கு லட்டு மாதிரி தலைப்பு. என்னைய பாத்தியா... கோடி கோடியா வாங்குறவனுக்கு இன்னும் கொடுங்கன்னு நான் பேசணுமாம். நடுவர் ஐயாவுக்கு என் மேல என்ன கோவமோ!"

முன் இருக்கையில் இருந்த நடுவர் ஐயா — எங்கள் குழுவின் தலைவர், தமிழ்ப் பேராசிரியர் — திரும்பாமலே சிரித்தார். "கஷ்டமான பக்கத்தை உம்மிடம் தந்தால்தானே ஜனம் கலையாமல் உட்காரும்?"

எனக்குக் கவலையே இல்லை. துப்புரவுப் பணியாளர், செவிலியர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், மின்கம்பம் ஏறுகிறவர்... இவர்களுக்கு எதிராக யார் பேசி ஜெயிக்க முடியும்? வெற்றி விழாவுக்குப் போகிற மனநிலையில்தான் வேனை விட்டு இறங்கினேன்.

பேச்சாளர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. வாசகர்கள் பலருக்கு இது தெரிந்திருக்காது. மேடை ஏறுவதற்கு முன் 'ஊர் விவரம்' எடுப்போம். உள்ளூர்க்காரர் ஒருவருடைய பெயர், உள்ளூர்ச் செய்தி ஒன்று — இவற்றைப் பேச்சில் சரியான இடத்தில் வைத்தால் ஊரே தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நிமிர்ந்து உட்காரும். அந்த விவரம் தேடித்தான் பந்தலுக்குப் பின்பக்கம் போனேன்.

அங்கே பச்சைக் கோட்டு அணிந்த பெண்மணி ஒருவர் காகிதக் கோப்பைகளைக் குப்பை வண்டியில் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"இன்னாமா, நீதான் எங்க கட்சியா?"

"ஆமாக்கா. உங்களுக்குத்தான் சம்பளம் அதிகமா தரணும்னு பேசப்போறேன். உங்க பேரு?"

"சரசா. பேசு, பேசு, நல்லா பேசு. சம்பளம் வர்றப்ப வரட்டும். மொதல்ல எனக்கு ஒரு ஞாயித்துக்கெழம வாங்கிக் குடு."

புரியவில்லை. விளக்கச் சொன்னேன். கையுறையைக் கழற்றாமலே சொன்னார்.

மகள் தேவிக்குப் போன தை மாதம் கல்யாணம். மகளும் மாப்பிள்ளையும் ஒரகடத்தில் ஆளுக்கொரு கம்பெனி, குடியிருப்பது குன்றத்தூரில். அவள் காலை ஷிஃப்ட் என்றால் அவர் இரவு ஷிஃப்ட். இருவருக்கும் சேர்ந்தாற்போல் கிடைப்பது ஞாயிறு ஒன்றுதான். இது தலை ஆடி. கல்யாணமான முதல் ஆடியில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்து விருந்து போட்டு, புதுத்துணி வைத்து அனுப்ப வேண்டும். ஆனால் ஆடியில் வருகிற ஞாயிறெல்லாம் ஏதாவது ஒரு தெருவில் கூழ். கூழ் வார்த்தால் மைதானம் முழுக்கக் குப்பை. அதைச் சுத்தம் செய்யும் ஊராட்சிப் பணியாளர்களில் ஒருவர் சரசா.

"அடுத்த ஞாயிறுதான் கடைசி. அன்னிக்கி மேட்டுத் தெரு அம்மனுக்குக் கூழு. அதுவும் போச்சுன்னா ஆடியே போச்சு. ஏற்கெனவே தேவியோட மாமியா கேட்டுக்கீது — 'உங்கம்மாவுக்கு எங்க வூட்டு ஞாபகமே இல்லியா'ன்னு."

"லீவு கேட்டீங்களா?"

"கேட்டேனே. எல்லாத் தெரு விழாவுக்கும் எங்கள அனுப்பறது தேசிங்குதான, ஊராட்சில அவரு கையிலதான் வுட்டுக்கீறாங்க. 'பாக்கலாம்'னு சொல்லிக்கீறாரு. பாக்கலாம்னா இன்னா அர்த்தம்னு உனக்குத் தெரியாதா? நீ படிச்ச பொண்ணு!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். அருமையான ஊர் விவரம் கிடைத்தது என்று உள்ளுக்குள் மகிழ்ந்தேன். பேச்சாளரின் காது அப்படி. துயரமும் அதற்குள் எடுத்துக்காட்டாகத்தான் விழும்.

மாலை பட்டிமன்றம் தொடங்கியது. நாற்காலிகளில் ஊர்க் குடும்பங்கள். பின்னால் நின்றபடி, பக்கத்து அறைகளிலும் விடுதிகளிலும் தங்கியிருக்கும் இளைஞர்கள் — மதுரை, நெல்லை, ராமநாதபுரம் என்று தெற்கே இருந்து வேலைக்கு வந்தவர்கள். நான் பேசினேன். நன்றாகவே பேசினேன். நடிகர் ஒரு வாரம் வராவிட்டால் படப்பிடிப்பு தள்ளிப்போகும். துப்புரவுப் பணியாளர் ஒரு வாரம் வராவிட்டால் ஊரே ஆஸ்பத்திரிக்குப் போகும் என்றேன். பந்தல் அதிர்ந்தது.

பிறகு எழுந்தார் முத்துப்பாண்டி அண்ணன்.

"நடுவர் ஐயா, நான் ஒரு லைன்ல நிக்கிறவன். என் லைன்ல ஒரு பையன். ஒரே போல்ட்ட, ஒரே எடத்துல, நாள் பூரா முடுக்குவான். ராத்திரி ரூமுக்கு வந்தா ஆத்தா கெடையாது, அப்பன் கெடையாது. போனத் தொறந்து யாரோ ஒருத்தன் பண்ணுற கோமாளித்தனத்தப் பாத்து ரெண்டு நிமிசம் சிரிக்கான். அந்தச் சிரிப்புதான்யா அவன மறுநாள் கம்பெனி பஸ்ல ஏத்துது! அதுக்கு வெல கெடையாதா?"

பின்வரிசை விசிலடித்தது. அவர் விடவில்லை.

"கலைஞன்னா சினிமாக்காரன் மட்டுமா? இன்னைக்குக் காலையில இந்த அம்மன் முன்னால பம்பை அடிச்சாரே, அவரு யாரு? தோள் வீங்க வீங்க அடிச்ச அந்த மனுசனுக்கு அதிகமா கொடுங்கன்னா என் தங்கச்சி வேண்டாம்னு சொல்லுமா?"

நல்ல வாதம். இந்தத் தலைப்பில் இப்படி ஒரு கதவு இருப்பதை நான் பார்க்கவில்லை. அடுத்து வந்ததுதான் நேரடித் தாக்குதல்.

"கடைசியா ஒண்ணு. சேவை, சேவைன்னு முழங்குற என் தங்கச்சி இந்த ஒரு சாயங்காலத்துக்கு வாங்குறத, பந்தலுக்குப் பின்னால குப்ப அள்ளுற அக்கா எத்தன நாள் குனிஞ்சு சம்பாரிக்கணும்? தங்கச்சி எந்த அணி? பேச்சுல அங்க... கவர்ல இங்க!"

பந்தலே எழுந்து நின்று சிரித்தது. நடுவர் ஐயா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் அணியின் இன்னொரு பேச்சாளர்கூடச் சிரித்ததை நான் பார்த்தேன்.

மறுப்புரைக்கு என்னை அழைத்தார்கள். அடி பலமாக விழுந்திருக்கிறது, எழ வேண்டும். எங்களுக்குக் கற்றுத்தரப்பட்ட வித்தை ஒன்று உண்டு. வாதத்தால் எழ முடியாதபோது, அவையையே எழுப்பு. நான் குரலை உயர்த்தினேன்.

"இந்த அவையில் அமர்ந்திருக்கும் தூய்மைப் பணியாளர்களே! ஒரே ஒரு முறை உங்கள் கைகளை உயர்த்துங்கள். எழுந்து நில்லுங்கள். இந்த ஊர் உங்களைக் கண்ணாரக் காணட்டும்!"

சொல்லிவிட்டு வலது கையை அவையை நோக்கி நீட்டினேன். கைதட்டல் தொடங்கும் வரை அந்தக் கை இறங்கக் கூடாது. அதுதான் பயிற்சி.

கை நின்றது. நின்றுகொண்டே இருந்தது. எவரும் எழவில்லை. எந்தக் கையும் உயரவில்லை.

அப்போது நடுவரிசையிலிருந்து ஒரு பெண்மணியின் குரல் வந்தது.

"அவங்க எங்க மேடம் இங்க உக்காருவாங்க? பின்னாடி பந்தி எல எடுத்துகினு கீறாங்க."

எப்படி மறந்தேன்? சற்று முன்புதான் அங்கே நின்று பேசிவிட்டு வந்தேன். சேவை செய்பவர்களைப் பற்றி ஊரே கூடிப் பேசுகிறது; சேவை செய்பவர்களுக்கு மட்டும் அங்கே நாற்காலி இல்லை. இருந்தாலும் உட்கார நேரமில்லை.

நீட்டிய கையை இறக்கினேன். எழுதி வைத்த குறிப்பில் இதற்குமேல் எதுவும் இல்லை. "சரசா அக்காவைக் கொஞ்சம் மேடைக்கு வரச் சொல்லுங்கள்" என்றேன்.

வந்தார். பச்சைக் கோட்டும் கையுறையுமாக, 'இவள் என்ன செய்துவைத்திருக்கிறாள்' என்கிற பார்வையோடு வந்தார். தேசிங்கு அண்ணன் விழா நடத்திப் பழகியவர் அல்லவா? யாராவது மேடை ஏறினால் அவருடைய கை தானாகச் சால்வையைத் தேடும். ஒன்றைப் பிரித்துக்கொண்டு நெருங்கினார்.

"இன்னா தேசிங்கு, இந்தப் புழுக்கத்துல எனுக்குப் போத்த வர்றே? நான் இன்னா செத்தா பூட்டேன்?"

பந்தல் வெடித்தது. முத்துப்பாண்டி அண்ணனின் கவர் நகைச்சுவைக்குக்கூட அவ்வளவு சிரிப்பு வரவில்லை. என் மைக்கை அவரிடம் கொடுத்தேன். சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி நிக்கற புள்ளைங்கள ஒண்ணு கேக்கறேன். கம்பெனில ஞாயித்துக்கெழம வேலைக்கு வரச் சொன்னா உங்களுக்கு இன்னா குடுப்பாங்க?"

"ஓ.டி.!" என்றது ஒரு குரல்.

"டபுள்!" என்றது இன்னொன்று.

"காம்ப் ஆஃப்!" என்று பலர் சேர்ந்து கத்தினார்கள்.

"ஆங்... அந்த காம்ப் ஆஃப் எனுக்கு ஒண்ணு வோணும். டபுள அப்பறமா பேசிக்கலாம். அடுத்த ஞாயிறு எம் பொண்ணும் மாப்ளையும் தலை ஆடிக்கு வரணும். நான் வூட்டுல இருக்கணும். அவ்ளோதான். அம்மன் ஒண்ணும் கோச்சுக்காது. அதுக்கும் பொறந்த வூடு தெரியும்."

நான் அரைமணி நேரம் அடுக்கிப் பேசியதை அவர் ஒரே மூச்சில் வேறு பக்கமாகத் திருப்பிவிட்டார்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை வசிப்பவர்களுக்குக் காம்ப் ஆஃப் என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். விடுமுறை நாளில் வேலைக்கு வந்தால், அதற்கு ஈடாக இன்னொரு நாள் விடுப்பு. எங்கள் வட்டாரத்தில் அது வெறும் விடுப்பு விதி அல்ல, நியாயத்தின் அளவுகோல். கல்யாணத் தேதி, கிரகப்பிரவேசம், ஊருக்குப் போகும் பஸ் டிக்கெட் எல்லாம் அதை வைத்துத்தான் முடிவாகும். காம்ப் ஆஃபை மறுத்த சூப்பர்வைசரின் பெயர் ஊர் ஊராகப் போகும்.

அப்படிப்பட்ட ஊரில், காம்ப் ஆஃபே இல்லாத ஒருத்தி ஆடி மாதம் முழுக்க அவர்களுடைய கூழ்க் கோப்பைகளைப் பொறுக்கியிருக்கிறாள். கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தேசிங்கு அண்ணன் மட்டும் சால்வையை மடிப்பதில் மும்முரமாக இருந்தார். விடுவார்களா? அவருடைய கம்பெனியிலேயே வேலை பார்க்கும் உள்ளூர்ப் பையன் ஒருவன் நாற்காலி மேலேயே ஏறிவிட்டான்.

"தேசிங்கண்ணே! போன மாசம் நம்ம லைனுக்கு காம்ப் ஆஃப் தர மாட்டேன்னு சொன்னப்போ, ஹெச்.ஆர். ரூம் வாசல்ல சம்மணம் போட்டு உக்காந்தது யாரு?"

"நான்தான்டா. இப்ப இன்னா அதுக்கு?"

"ஹெச்.ஆர். அப்ப இன்னா சொன்னாரு?"

தேசிங்கு அண்ணன் மடித்த சால்வையை மேசையில் வைத்தார். பிறகு, வேறு வழியில்லாமல், தணிந்த குரலில் சொன்னார்.

"பாக்கலாம்னாரு."

அந்தச் சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. அடங்கியபோது அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான். தன் லைனில் தெரிந்த நியாயம் தன் தெருவில் தெரியவில்லை, அவ்வளவே. நம்மில் எத்தனை பேருக்குத் தெரிகிறது?

"சரி, நான் குடுக்க மாட்டேன்னு சொல்லல. ஆனா அடுத்த ஞாயிறு மேட்டுத் தெரு குப்பைய யாரு எடுப்பீங்க? மத்த மூணு பேரால முடியாது. அத சொல்லுங்க."

இதுதான் உண்மையான கேள்வி. கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போக முடியாத கேள்வி.

"நாங்க வாறோம் அண்ணாச்சி!"

பின்வரிசையிலிருந்து வந்த குரல். மாரிச்செல்வம். கோவில்பட்டிப் பையன். முத்துப்பாண்டி அண்ணனுடைய லைனிலேயே வேலை பார்ப்பவன் என்று பிறகு தெரிந்தது. "எங்க ரூம்ல ஒரு டஜன் பேரு கெடக்கோம். எல்லாரையும் கூட்டிட்டு வாறேன்."

"ஏலே மாரி!" முத்துப்பாண்டி அண்ணன் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். "மொதல்ல அந்த ரூமப் பெருக்கி எத்தன மாசமாச்சுன்னு சபையில சொல்லுல!"

"அதுக்கு ஆள் வச்சா நீங்க கூலி கொடுப்பீயளா அண்ணே?"

சரசா அக்கா மைக்கை மீண்டும் வாங்கினார். "தேசிங்கு, இப்பவாவது சொல்லு. பாக்கலாம்னு மட்டும் சொல்லாதே."

"குடுத்தாச்சு! அடுத்த ஞாயிறு உனக்கு லீவு. இன்னிக்கி வேலைக்கு டபுள், குழு குடுக்கும். மைக்லயே சொல்லிட்டேன், போதுமா?"

"போதும். இந்தா கண்ணு" — என்னிடம் மைக்கை நீட்டினார் — "அடுத்த ஞாயிறு நீயும் வந்துடு. எங்க கட்சிதான நீ?"

எங்கள் குழுவின் சரித்திரத்திலேயே மிகச் சுருக்கமான தீர்ப்பு அன்றைக்குத்தான். நடுவர் ஐயா எழுந்தார். "சேவை செய்பவர்களுக்கே அதிக ஊதியம். இது என் தீர்ப்பு அல்ல, பின்வரிசையின் தீர்ப்பு. படித்துக் காட்டுவது மட்டும் நான்" என்றார். உட்கார்ந்தார்.

என் அணி ஜெயித்தது. ஜெயித்தது நான்தானா என்று வேனில் முத்துப்பாண்டி அண்ணன் வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க இதையே யோசித்தேன். பாடகருடைய ஒரு பாட்டு ஒரே நேரத்தில் லட்சம் கைப்பேசிகளுக்குள் போகிறது. சரசா அக்காவின் துடைப்பம் ஒரு நேரத்தில் ஒரு தெருவைத்தான் தொடும். அதனால் அவருக்கு அவ்வளவு, இவருக்கு இவ்வளவு — சந்தை போடுகிற கணக்கு இது என்கிறார்கள். மாற்ற முடியாது என்கிறார்கள்.

அப்படியா? ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு இரட்டைச் சம்பளம் என்பதைச் சந்தை தானாகக் கொண்டுவந்து கொடுத்ததா? யாரோ கேட்டார்கள். யாரோ வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். கேட்கக் கூட்டம் இருந்தது, கொடுத்தார்கள். மழையும் வெயிலும் போல வானத்திலிருந்து இறங்குவதல்ல ஊதியம். மனிதர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்வது. மனிதர்கள் முடிவு செய்ததை மனிதர்கள் திருத்தலாம். பாடகர் குறைவாக வாங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பம்பைக்காரர் அதிகமாக வாங்கட்டும் என்றுகூட இப்போது சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு தெருவால் எவர் இல்லாமல் ஒரு வாரம் வாழ முடியாதோ, அவருக்கு அந்தத் தெரு கொடுப்பது மிச்சம் மீதியாக இருக்கக் கூடாது. விழாப் பட்டியலில் இன்னிசைக்கு மேலே அவர் பெயர் வர வேண்டும். இதை எந்த மேடையிலும், எந்த எதிரணிக்கு முன்னாலும் பேசுவேன்.

பேசுவது சுலபம். போன ஞாயிறு பெருக்கவும் போனேன்.

மேட்டுத் தெரு அம்மன் கோயில் மைதானம். மாரிச்செல்வம் ஒரு டஜன் பேர் என்று சொன்னான் அல்லவா? ஐந்து பேர் நின்றார்கள்.

"மத்தவனுவள காலையில அவசர ஓ.டி.க்குக் கூப்ட்டுட்டாவ மேடம். டபுளாம்" என்றான், வெட்கத்தோடு.

காம்ப் ஆஃப் வாங்கிக் கொடுக்கப் போன படையை ஓ.டி.யே பாதியாக்கிவிட்டது! முத்துப்பாண்டி அண்ணன் வந்திருந்தார். தேசிங்கு அண்ணனும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். சரசா அக்காவோடு வேலை பார்க்கும் மூவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஆளுக்கொரு துடைப்பத்தைக் கொடுத்தார்கள். அந்தப் பார்வையில் நம்பிக்கை தெரியவில்லை.

காகிதக் கோப்பையில் ஒட்டிய கூழ் வெயிலில் காய்ந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? தரையோடு பிடித்துக்கொள்ளும். துடைப்பம் மேலே போகும், கோப்பை அங்கேயே இருக்கும். குனிந்து கையால்தான் எடுக்க வேண்டும். மணிக்கணக்கில் நின்று பேசப் பழகிய முதுகு இது. குனிந்து பழகவில்லை. சற்று நேரத்திலேயே முறையிட்டது.

பம்பைக்காரர் வேலை முடிந்து வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். முத்துப்பாண்டி அண்ணன் அவரைக் கெஞ்சினார்: "அண்ணே, ஒரு அடி போடுங்க. இந்தப் பயலுவ தூங்கிக்கிட்டே பெருக்குதானுவ." அவர் சிரித்துக்கொண்டே குச்சியை எடுத்தார். பம்பை முழங்கியதும், உண்மையைச் சொல்கிறேன், கை தானாக வேகம் பிடித்தது. முதுகு முறையிடுவதை மறந்தது. எதிரணியின் வாதத்தை அந்த இடத்தில் மனதார ஏற்றுக்கொண்டேன். முத்துப்பாண்டி அண்ணனிடம் மட்டும் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

ஒரு கோப்பைக் குவியலுக்கும் அடுத்ததற்கும் நடுவே தேசிங்கு அண்ணன் தானாகவே சொன்னார்: "கிராம சபைல வாரம் ஒரு நாள் லீவு தீர்மானம் கொண்டாரப் போறோம் மேடம். நம்ம பசங்க கையெழுத்து வாங்கிகினு கீறாங்க. விழாவுக்கு டபுள் மட்டும் பத்தாது." அவருடைய நெற்றியில் வியர்வை வழிந்தது. ஹெச்.ஆர். வாசலில் உட்கார்ந்தபோதும் இப்படித்தான் இருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

வெயில் சாய்ந்த நேரத்தில் சரசா அக்கா வந்தார். எனக்கு அடையாளமே தெரியவில்லை. கரும்பச்சைப் பட்டு, தலை நிறையப் பூ. பின்னால் தேவி, புதுச் சேலையில். அவள் பக்கத்தில் மாப்பிள்ளை, மடிப்புக் கலையாத வேட்டியில். அவர்களுக்கும் பின்னால் வெற்றிலை போட்ட வாயோடு ஓர் அம்மாள்.

"இது எங்க சம்பந்தியம்மா. நானே போன் போட்டு, நீங்களும் வாங்கன்னு கூப்ட்டேன்" என்றார் சரசா அக்கா. குரலில் ஒரு மிடுக்கு.

சம்பந்தியம்மா தலையசைத்தார். "கோழிக் கொழம்பு நல்லா வச்சிருந்தாங்க" என்று எங்கள் எல்லோருக்கும் பொதுவாக அறிவித்தார். எத்தனையோ தீர்ப்புகளைக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு ஆவலோடு எதையும் எதிர்பார்த்ததில்லை.

நாங்கள் பெருக்குவதைப் பார்த்த மாப்பிள்ளைக்கு மனம் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக்கொண்டு மாரிச்செல்வத்தின் துடைப்பத்தை வாங்கப் போனார்.

"ஐயோ, வுடுங்க!" சரசா அக்கா பாய்ந்து தடுத்தார். "தலை ஆடிக்கு வந்த மாப்ளைய மாமியா பெருக்க வச்சான்னு நாளைக்கி ஊரு பேசவா?"

"நான் பேச மாட்டேன்" என்றார் சம்பந்தியம்மா, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு. அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

தேவி தூக்குவாளியிலிருந்து எங்கள் எல்லோருக்கும் வடையும் பாயசமும் கொடுத்தாள். காகிதக் கோப்பையில் அல்ல. வீட்டிலிருந்து டம்ளர் கொண்டுவந்திருந்தாள். குப்பையின் விவரம் தெரிந்த வீட்டுப் பெண் அல்லவா?

நாங்கள் சாப்பிடும்போது சரசா அக்கா பட்டுச் சேலையின் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்று வந்தார். மரத்தடியில் நின்றார். மேடையின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். காலால் மண்ணைச் சற்றே விலக்கினார். அடியில் ஏழெட்டுக் கோப்பைகள் வெளியே வந்தன. யார் வேலை அது? நான் பாயசத்தில் கவனமாக இருந்தேன்.

திரும்பி வந்து என் தோளில் கை வைத்தார்.

"கண்ணு, நீ பேச்ச மட்டும் வுட்டுடாத. இத நாளைக்கி நான் வந்து இன்னொரு வாட்டி பெருக்கிக்கறேன்."

"அதுக்கும் ஓ.டி. உண்டு" என்றார் தேசிங்கு அண்ணன் — மைக் இல்லாமலே.